“அனுபவம்: இல்லை”



மௌலவி என்றால் தொழுவிப்பது, ஓதிக்கொடுப்பது, நிகாஹ் செய்துவைப்பது, ஜனாஸாவுக்கு முன்நிற்பது என்றுதான் வெளியூரார் நினைப்பார்கள். எங்கள் கிழக்குக் கரையோர ஊர்களில் இன்னொரு வேலையும் மௌலவியின் தலையில் விழும். அதுதான் படிவம் நிரப்புவது. அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால் விறாந்தையில் யாராவது ஒருவர் கடுதாசியை மடித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். பிறப்புச் சான்றிதழ், சமுர்த்தி, வங்கிக் கடன், பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பது, வேலைக்கு விண்ணப்பிப்பது என்று ஏதாவது ஒன்று. பேனையை எடுத்து எழுதிக் கொடுப்பேன். பல வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். இதில் தப்புச் செய்யவும் இடமுண்டு என்று நான் நினைத்ததே இல்லை. அப்படி நினைத்திருந்தவன் செய்த ஒரு தப்பைத்தான் இந்த மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு ராத்தா இருக்கிறார். தையல் ராத்தா என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊரும் அப்படித்தான் அழைக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது அவருடைய முதல் தையல் இயந்திரமும் போய்விட்டது. முகாமிலிருந்து திரும்பி வந்து, கடன்பட்டுப் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து அந்த ஜன்னலோரத்தில் இயந்திரச் சத்தம் கேட்காத நாள் குறைவு. கணவர் கடற்றொழிலாளி. முதுகில் அடிபட்டதோடு அவருடைய தொழில் நின்றுபோனது. மூன்று பிள்ளைகள். குடும்பம் ஓடியது அந்த மிதி இயந்திரத்தில்தான்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி உங்களுக்கும் நினைவிருக்கும். துணி விலையும் நூல் விலையும் ஏறின. பெருநாளைக்கு நான்கு சட்டை தைத்த வீடுகள் ஒன்றோடு நிறுத்தின. மாதச் சம்பளம் உள்ள வேலை ஒன்று கிடைத்தால் நல்லது என்று ராத்தா யோசிக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் தன்னுடைய தையல் பயிற்சி நிலையத்துக்குப் போதனாசிரியை ஒருவர் தேவை என்று அறிவித்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு ராத்தா என்னிடம் வந்தார்.

பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதினேன். கல்வி, ஒன்பதாம் வகுப்பு. அடுத்த பெட்டி தொழில் அனுபவம். நிறுவனத்தின் பெயர், வகித்த பதவி, காலம் என்று மூன்று நிரல்கள் இருந்தன.

“எங்கேயாவது வேலை செய்திருக்கிறீர்களா ராத்தா?” என்று கேட்டேன்.

“நான் எங்க தம்பி வேலைக்குப் போன? வீட்டோட இரிந்து சும்மா தைக்கிறதானே” என்றார்.

நான் “இல்லை” என்று எழுதினேன். திறமைகள் என்ற பெட்டியில் “தையல்” என்று ஒரே ஒரு சொல்லை எழுதினேன். கூடவே என் கையால் ஒரு நற்சான்றும் கொடுத்தேன். நல்லொழுக்கம் உள்ளவர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று அதில் இருந்தது. அவருடைய வேலையைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். “உங்களுக்கு என்னென்ன தெரியும்?” என்று கேட்டிருக்கிறார்கள். “எனக்கு என்ன சேர் தெரியும், கொஞ்சம் தைப்பேன்” என்று சொல்லியிருக்கிறார். பிறகு கணவரின் முதுகு, பிள்ளைகளின் படிப்பு, கடன் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறார். அவர்கள் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வேலை ஆறு மாதப் பயிற்சி முடித்த ஓர் இளம் பெண்ணுக்குக் கிடைத்தது. அந்தப் பிள்ளையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் தனக்குத் தெரிந்ததைத் தெளிவாகச் சொன்னாள். ராத்தாவுக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் ஆளில்லை. அவரும் சொல்லவில்லை, அவருக்காக எழுதிய நானும் சொல்லவில்லை.

இது நடந்து சில வாரங்களில் என் மகளின் பாடசாலைச் சீருடையை எடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். அளவு பார்ப்பதற்காக ராத்தா ஒரு கொப்பியைத் தந்து, “மகள்ட பக்கத்தப் பாருங்க தம்பி” என்றார். புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், அளவுகள், துணி வந்த திகதி, கொடுக்க வேண்டிய திகதி, கூலி, கொடுத்ததற்கு ஒரு சரி அடையாளம் என்று எல்லாம் வரிசையாக இருந்தன.

“எத்தனை வருடமாக இப்படி எழுதுகிறீர்கள்?”

“இது பதினோராவது கொப்பி. முந்தினதெல்லாம் கடலோட போச்சி.”

“யாருக்காவது தைக்கப் பழக்கியிருக்கிறீர்களா?”

“கன பேர் வந்து பழகினதுதான். பதினஞ்சு இருபது குமருகள் இரிக்கும். அதுல ரெண்டு பேரு கட்டுநாயக்காவுல கார்மென்ட்ஸில சுப்பவைசரா இரிக்காளுகள்.”

சகோதரிகளே, எனக்குத் தலை குனிந்துவிட்டது. அந்த நிறுவனம் தேடியது தைக்கத் தெரிந்த, தைக்கக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஒரு பெண்ணை. இரண்டையும் செய்த ஒருவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு “அனுபவம்: இல்லை” என்று எழுதியவன் நான். சாட்சியத்தைப் பற்றியும் அளவை நிறுவையில் மோசடி கூடாது என்பதைப் பற்றியும் வகுப்பில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அடுத்தவருக்குக் குறைத்து அளப்பது குற்றம் என்று சொல்லிக்கொடுத்த நான், நான்கு வீடு தள்ளி இருக்கிற ஒரு பெண்ணின் இருபது வருட உழைப்பைக் குறைத்து அளந்திருக்கிறேன். காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டுக்குள் இருந்து ஒரு பெண் செய்வது தொழில்தான் என்று என் மனதுக்கும் அன்றுவரை படவில்லை.

“தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாமா மௌலவி? பணிவுதானே நல்லது?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அரபுக் கல்லூரியில் எங்களுக்கும் முதலில் பழக்கியது பணிவைத்தான். ஆனால் நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். எகிப்து மன்னனிடம் களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் தரும்படி கேட்டபோது, தாம் பாதுகாக்கக் கூடியவர், விபரம் அறிந்தவர் என்று தம் வாயாலேயே அவர்கள் சொன்னார்கள். பெருமைக்காகப் பதவி தேடுவது வேறு, தேவை உள்ள இடத்தில் தகுதியை எடுத்துச் சொல்வது வேறு என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் இதற்கு விளக்கம் தந்திருக்கிறார்கள்.

பல தடவை ஓதியும் நான் கவனிக்கத் தவறிய ஒன்று அந்த வரலாற்றின் வரிசை. யூஸுஃப் (அலை) அவர்கள் எடுத்த எடுப்பில் தகுதியைச் சொல்லவில்லை. முதலில் மன்னனின் கனவுக்கு விளக்கம் சொன்னார்கள். அத்தோடு நிற்காமல் ஏழு வருடம் பயிரிடுவது, அறுத்த தானியத்தை உண்பதற்குச் சிறிதளவு தவிர கதிரிலேயே விட்டுவைப்பது, பின்னால் வரும் கடினமான ஏழு வருடங்களுக்கு அதை வைத்திருப்பது என்று வேலைத் திட்டத்தையே சிறைக்குள்ளிருந்து சொல்லியனுப்பினார்கள். இது வேலையின் மாதிரி. இரண்டாவதாக, மன்னன் அழைத்தபோதும் உடனே வெளியே வராமல், தம் மீது சொல்லப்பட்ட பழியை அந்தப் பெண்களிடம் விசாரிக்கும்படி கேட்டார்கள். அவர்கள் வாயாலேயே உண்மை வெளிவந்தது. இது மற்றவர்களின் சாட்சி. மூன்றாவதாகத்தான், தம்மால் என்ன முடியும் என்பதைச் சுருக்கமாகச் சொன்னார்கள். இது சொந்தச் சொல்.

மாதிரி, சாட்சி, சொல். வேலை தேடிப் போகிற ஒருவர் கையில் இந்த மூன்றும் இருக்க வேண்டும். பெண்கள் பெரும்பாலும் மூன்றும் இல்லாமல் போகிறார்கள், அல்லது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

சொல்லிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் படிவத்தில் முதலில் வருவது அதுதான். இன்று இரவு பிள்ளைகள் படுத்த பிறகு ஒரு கொப்பியை எடுங்கள். இதுவரை உங்கள் கை செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். சம்பளம் கிடைத்ததா, இல்லையா என்று பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நேரே எத்தனை வருடம், எத்தனை பேருக்கு, எவ்வளவு, என்ன பலன் என்று எழுதுங்கள். எண்ணிக்கை இல்லாத இடத்தில் திறமை கண்ணுக்குத் தெரியாது.

பத்து வருடமாகச் சீட்டுப் பிடிக்கிற ஒரு சகோதரியை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பெண்களின் பணம் மாதாமாதம் அவர் கைக்கு வந்து, உரிய ஆளுக்கு உரிய நாளில் போய்ச் சேர்கிறது. ஒரு ரூபா பிசகியதில்லை. அவரிடம் கேட்டால் “நான் வீட்டில் சும்மா இருக்கிறேன்” என்பார். பணம் வசூலித்தல், கணக்கு வைத்தல், நம்பிக்கையோடு கையாளுதல் என்பவைதாம் கடைகளும் கந்தோர்களும் காசாளரிடம் தேடுகிற குணங்கள். படுக்கையில் கிடந்த மாமியாரை மூன்று வருடம் பார்த்த மருமகள், வேளைக்கு மருந்து கொடுக்கவும் இன்சுலின் ஊசி போடவும் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும் கற்றிருக்கிறாள். குர்ஆன் மத்ரஸாவில் முப்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து ஓதிக்கொடுக்கும் முஅல்லிமாவுக்கு, பாலர் பாடசாலைக்குத் தேவையான பொறுமையும் ஒழுங்கும் கைவந்தவை. மருதமுனையில் தறியில் உட்கார்ந்து சாரன் நெய்யும் பெண்ணுக்கு நூலின் தரம் விரல் நுனியில் இருக்கிறது. இவற்றையெல்லாம் வீட்டு வேலை என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம்.

பட்டியல் முடிந்ததும் வேலை அறிவித்தலைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். அவர்களுக்கு என்ன தேவை? அதற்குப் பொருந்துவதைப் பட்டியலிலிருந்து எடுத்து மேலே எழுதுங்கள். மற்றதைப் பின்னுக்குப் போடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். காசாளர் வேலைக்குப் போகிறவர் தாம் நன்றாகப் பிரியாணி ஆக்குவதை எழுத வேண்டியதில்லை. சமையல் வேலை என்றால் அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும். வலீமாவுக்கு எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

தையல் ராத்தாவும் நானும் பிறகு உட்கார்ந்து எழுதியதை உங்களுக்குக் காட்டுகிறேன். “எனக்குத் தைக்கத் தெரியும்” என்ற ஒரு வரி இப்படி ஆனது: “20 வருடங்களுக்கு மேலாகப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆடை தைத்து வருகிறேன். பாடசாலைச் சீருடை, அபாயா, ஷல்வார், மணமகள் உடை ஆகியவற்றை அளவெடுத்து, வெட்டி, மூட்டி முடிப்பது வரை நானே செய்வேன். சீருடைக் காலத்தில் ஒரு மாதத்தில் 60 வரை முடித்து, சொன்ன திகதிக்குக் கொடுத்திருக்கிறேன். வாடிக்கையாளரின் அளவுகளையும் கணக்கையும் கொப்பியில் பதிந்து வைத்திருக்கிறேன். 17 பெண்களுக்குத் தையல் பழக்கியுள்ளேன். அவர்களில் 2 பேர் இன்று ஆடைத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்கள்.”

இதில் ஒரு சொல்லாவது பெருமையா? ஒரு சொல்லாவது பொய்யா? பதினேழு என்ற எண்ணைக் கூட நாங்கள் சும்மா போடவில்லை. ராத்தா விரல் மடக்கி ஒவ்வொரு பெயராகச் சொன்னார். “இருபது என்றே போடுவோமா?” என்று நான் கேட்டதற்கு, “வேணாம் தம்பி, மூணு பேரு ஒரு கிழமையில நிண்டுட்டாளுகள்” என்றார். மௌலவிக்குப் பாடம் சொல்லித்தந்தது அவர்தான். உள்ளதைக் குறைப்பதும் தப்பு, கூட்டுவதும் தப்பு. தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வெளிச்சமாகிவிடும். ராத்தாவுக்கு மின்சார ஜூக்கி இயந்திரம் பழக்கம், ஓவர்லொக் பழக்கமில்லை. அதை அப்படியே எழுதி, “பழகிக்கொள்ள விருப்பம்” என்று சேர்த்தோம். சிங்களம் பேசுவார், எழுத வாசிக்கத் தெரியாது. அதையும் அப்படியே எழுதினோம்.

அடுத்தது சாட்சி. சொந்தக்காரரோ செல்வாக்குள்ள ஹாஜியாரோ “நல்ல பிள்ளை” என்று எழுதித் தருவது போதாது. உங்கள் வேலையைக் கண்ணால் கண்டவர் எழுத வேண்டும். சீருடை தைப்பித்த பாடசாலையின் ஆசிரியை, உங்களிடம் பழகி இன்று தொழிலில் இருக்கும் மாணவி, நீங்கள் பராமரித்த நோயாளியின் குடும்பத்தார் போன்றவர்கள் எழுதலாம். இரண்டு பந்தி போதும். எவ்வளவு காலமாகத் தெரியும், என்ன வேலை செய்தார், எப்படிச் செய்தார் என்பவை இருந்தால் சரி. அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தையும் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாட்சிகளில் இன்னொன்றைப் பலர் அறியாமல் இருக்கிறோம். இலங்கையில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. என்ற முறை இருக்கிறது. அதில் 7 மட்டங்கள் உள்ளன. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ஆம் 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. பயிற்சி நிலையத்தில் படித்துத்தான் இதைப் பெற வேண்டும் என்பதில்லை. வேலை செய்தே கற்றுக்கொண்டவர்களுக்கு, முன்னர் கற்றதை அங்கீகரிக்கும் வழி ஒன்றும் அந்த முறைக்குள் இருக்கிறது. நீங்கள் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைப் பார்த்து, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்துகாட்டச் சொல்லி, தேறினால் சான்றிதழ் கொடுப்பார்கள். தையல், சமையல், அழகுக்கலை போன்ற, பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் பல தொழில்கள் இதில் அடங்குகின்றன. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும், நைட்டா என்று அழைக்கப்படும் பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் அலுவலகங்களிலும் விசாரிக்கலாம். பிரதேச செயலகத்துக்குப் போகிற அன்று அங்கேயும் கேட்டுப் பாருங்கள். ராத்தாவின் பதினொரு கொப்பிகளும் அப்படிப்பட்ட ஒரு மதிப்பீட்டில் ஆதாரமாக மேசையில் வைக்கப்பட்டன என்றால் நம்புவீர்களா?

மூன்றாவது மாதிரி. கையால் செய்கிற தொழில் என்றால் பொருளையே எடுத்துச் செல்லுங்கள். கொண்டுபோக முடியாதென்றால் படம் எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி இல்லாத வீடு இப்போது குறைவு. தைத்த ஆடையையும் அலங்கரித்த கேக்கையும் வெளிச்சமான இடத்தில் வைத்து எடுத்த பத்துப் படங்கள் போதும். கணக்கு வேலை என்றால் நீங்கள் எழுதிய கணக்கின் ஒரு பக்கம், கற்பித்தல் என்றால் நீங்கள் தயாரித்த ஒரு பாடத்தின் குறிப்பு. சான்றிதழ்களின் போட்டோ கொப்பியைக் கொடுங்கள். மூலப் பிரதியைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டம் படித்த மகள்மாருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஒலுவிலிலும் பேராதனையிலும் படித்து முடித்த பிள்ளைகளின் சுயவிபரக் கோவைகளும் என் விறாந்தைக்கு வருகின்றன. மூன்று பக்கம் இருக்கும். பாடசாலையில் நான்காம் வகுப்பில் பெற்ற கிராஅத் பரிசு வரை இருக்கும். “இவர் நாளைக்கு வேலைக்கு வந்தால் என்ன செய்வார்?” என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. நீங்கள் பரீட்சையில் என்ன பெற்றீர்கள் என்பதோடு, பெற்றதைக் கொண்டு என்ன செய்வீர்கள் என்பதும் வேலை தருபவருக்குத் தெரிய வேண்டும். ஆய்வுக்காக நூறு வீடுகளுக்குப் போய்த் தகவல் திரட்டியிருந்தால் அதை எழுதுங்கள். சித்தியடைந்த திறமைச் சித்தியைவிடச் சில வேளை அதுதான் அவருக்குத் தேவைப்படும்.

இனி நேர்முகம். அங்கே நம் பெண்கள் செய்கிற மூன்று தவறுகளைக் கண்டிருக்கிறேன்.

முதலாவது, “ஏதாவது ஒரு வேலை தாருங்கள்” என்பது. எந்த வேலை என்று கேட்பவருக்கே தெரியாவிட்டால் கொடுப்பவருக்கு எப்படித் தெரியும்? இந்த வேலையைத்தான் கேட்டு வந்தேன், இதனால் எனக்குப் பொருந்தும் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, கஷ்டத்தைச் சொல்வது. கஷ்டம் உண்மைதான். அதைக் கேட்கிறவர் இரங்குவார், ஸதகாவும் தருவார். ஆனால் இரக்கத்துக்காக வேலை தருபவர் குறைவு. கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர் மனதில் நீங்கள் உதவி கேட்டு வந்தவர் ஆகிவிடுகிறீர்கள். நீங்களோ உங்கள் உழைப்பைக் கொடுத்து அதற்குக் கூலி கேட்டு வந்தவர். இந்த வித்தியாசத்தை மறந்துவிட வேண்டாம்.

மூன்றாவது, கூடவந்த ஆண் பதில் சொல்வது. கணவரோ சகோதரரோ துணைக்கு வரட்டும், நல்லதுதான். ஆனால் கேள்வி உங்களிடம் கேட்கப்படுகிறது. பதிலும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். கணவர்மார்களும் காக்காமார்களும் இதை வாசித்தால், தயவுசெய்து வெளியே ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு இருங்கள்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். நான் இன்ன வேலையை இத்தனை வருடம் செய்கிறேன். அதில் நான் செய்த ஒன்று இது. அது உங்கள் நிறுவனத்துக்கு இப்படிப் பயன்படும். அதற்குமேல் அவர்களே கேட்பார்கள். பிள்ளை பெற்று வளர்த்த வருடங்களில் வெளிவேலை செய்யவில்லையா என்று கேட்டால் கூசாமல் ஆம் என்று சொல்லி, இப்போது பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். நேரம், தொழுகைக்கு இடம், உடை, போய்வரும் வழி போன்ற உங்கள் நிபந்தனைகளைக் கடைசியில், வேலையை ஏற்றுக்கொள்வதற்கு முன், பணிவாகவும் தெளிவாகவும் கேளுங்கள். மறைத்து வைத்துச் சேர்ந்த பிறகு பிணக்குப்படுவதைவிட இது இரு பக்கத்துக்கும் நல்லது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நம் பெண்களுக்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. மத்யனில் நபி மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தந்தையிடம் சொன்னது ஒரு மகள்தான். பலமும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்கு ஏற்றவர் என்ற அளவுகோலையும் அவரே சொன்னார். கதீஜா (ரழி) அவர்கள் தமது வணிகப் பொருளை நபி (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்ததும் அவர்களுடைய நேர்மையைக் கேள்விப்பட்டுத்தான். வேலையாளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த பெண்களின் வழியில் வந்தவர்கள், தம்மை அதே அளவுகோலில் நிறுத்திக் காட்டத் தயங்குவது ஏன்?

தையல் ராத்தாவின் கதையை முடிக்கவில்லை. முதலில் போன இடத்தில் அந்த வேலை போனது போனதுதான். அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்த வருடம் வேறொரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாத வகுப்பொன்றுக்கு ஆள் தேவைப்பட்டது. இம்முறை படிவத்தை நான் எழுதவில்லை. ராத்தா சொல்லச் சொல்ல அவருடைய மூத்த மகள் எழுதினாள். நான் நற்சான்று மட்டும் எழுதினேன். என் மகளின் ஐந்து வருடச் சீருடைகள் இவர் கையால் தைக்கப்பட்டவை, ஒன்றும் தையல் விடவில்லை, ஒன்றும் நாள் பிந்தவில்லை என்று எழுதினேன்.

நேர்முகத்தில் “என்ன தெரியும்?” என்று கேட்டபோது ராத்தா பையிலிருந்து ஒரு சீருடையை எடுத்து, உட்பக்கத்தை வெளியே திருப்பி மேசையில் வைத்தாராம். “வெளிப்பக்கம் ஆரும் வடிவாத் தைப்பாங்க சேர். தையல உள்ளுக்குப் பாக்கணும். நான் பிள்ளைகளுக்கு முதல்ல படிச்சுக் குடுக்கிறது இதத்தான்” என்றாராம். பிறகு கொப்பியைத் திறந்து காட்டியிருக்கிறார். அன்று அவர் அழவில்லை.

ஆறு மாதத்துக்கு எடுத்தார்கள். அது முடிந்ததும் அடுத்த வகுப்புக்கும் அழைத்தார்கள். சம்பளம் பெரிதில்லை. ஆனால் மாதம் பிறந்தால் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஜன்னலோர இயந்திரம் இப்போது மாலையில் ஓடுகிறது.

என் விறாந்தைக்கு இன்றும் படிவங்கள் வருகின்றன. தொழில் அனுபவம் என்ற பெட்டி வந்ததும் பேனையை வைத்துவிடுகிறேன். “எங்கே வேலை செய்தீர்கள்?” என்று இப்போது கேட்பதில்லை. “காலையில் எழும்பியதிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள், எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள்?” என்று கேட்கிறேன். சொல்லி முடிக்கச் சில வேளை மஃரிப் ஆகிவிடுகிறது. ஆகட்டும்.

உங்கள் படிவத்தை யாரும் நிரப்பித் தரலாம். ஆனால் உங்களைக் கேட்காமல் அந்தப் பெட்டியில் “இல்லை” என்று எழுத எந்தக் கையையும் விடாதீர்கள். அது மௌலவியின் கையாக இருந்தாலும் சரி.

வஸ்ஸலாம்.